கணினியின் கடிகாரம் யார் பேச்சைக் கேட்க வேண்டும்?



2012 நவம்பர் 19 அன்று, அமெரிக்கக் கடற்படை வானாய்வகத்தின் இரண்டு நேர சர்வர்கள் ஏறக்குறைய ஒரு மணி நேரம் 'இது 2000-ஆம் ஆண்டு' என்று கேட்டவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தன. 'டிக்', 'டாக்' என்ற பெயர் கொண்ட அந்த இரண்டும் எங்கோ ஒரு மூலையில் கிடந்த சர்வர்கள் அல்ல. அணுக் கடிகாரங்களை வைத்து அந்நாட்டுப் படைகளுக்கே நேரம் வழங்கும் நிலையத்தைச் சேர்ந்தவை. அவற்றை நம்பிய கணினிகளில் பல பன்னிரண்டு ஆண்டுகள் பின்னால் போய்விட்டன. பல அலுவலகங்களில் ஆக்டிவ் டைரக்டரி சர்வர்களின் நேரம் பிசகியதும், ஊழியர்களால் தங்கள் கணக்கில் நுழைய முடியவில்லை. ரவுட்டர்களும் தொலைபேசி இணைப்பகங்களும் தடுமாறின.

அதே சர்வர்களைக் கேட்டுக்கொண்டிருந்த வேறு பல கணினிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவற்றின் மென்பொருள் வேறு சர்வர்களையும் கேட்டு வைத்திருந்தது. அல்லது 'இவ்வளவு பெரிய மாற்றத்தை நான் ஏற்க மாட்டேன்' என்று நின்றுவிட்டது.

நேரம் ஒத்திசைக்கும் மென்பொருள்களில் எதைப் போடுவது என்று கேட்பவர்கள் பெரும்பாலும் துல்லியத்தை வைத்துத்தான் கேட்கிறார்கள். எது மைக்ரோ விநாடி வரை சரியாக இருக்கும் என்பதுதான் கேள்வி. அது இரண்டாவதாகக் கேட்க வேண்டியது என்பது என் எண்ணம். நெட்வொர்க் அறுந்தபோது, சர்வர் தவறாகச் சொன்னபோது, மெஷின் உறங்கி எழுந்தபோது இந்த மென்பொருள் என்ன செய்யும் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். இன்று பேசப்போவதெல்லாம் அதைப் பற்றித்தான்.

கடிகாரம் ஏன் பிசகுகிறது என்பதிலிருந்து தொடங்குகிறேன். கணினிக்குள் இருப்பது ஒரு சாதாரணக் குவார்ட்ஸ் படிகம். வெப்பம் ஏறினால் அதன் அதிர்வு மாறும், வயதானாலும் மாறும். பத்து லட்சத்தில் 10 பங்கு பிசகு என்பது மலிவான படிகத்துக்கு மோசமான கணக்கு அல்ல. அந்தப் பிசகே ஒரு நாளில் 0.86 விநாடி ஆகிவிடும். ஒரு மாதம் கவனிக்காமல் விட்டால் 26 விநாடி. இருபடி உள்நுழைவுக்கு நம் கைபேசி காட்டும் ஆறு இலக்க எண் 30 விநாடிக்கு ஒருமுறை மாறுவது. கெர்பரோஸ் முறையில் நுழைவைச் சரிபார்க்கும் சர்வர்கள் வழக்கமாக 5 நிமிட வித்தியாசத்தைத்தான் பொறுக்கும். இரண்டு சர்வர்களின் லாக் பதிவுகளை அருகருகே வைத்து, எது முதலில் நடந்தது என்று ஓர் இரவு முழுக்கத் தேடியவர்களுக்கு அரை விநாடியின் அருமை தெரியும்.

இதைச் சரிசெய்ய என்டிபி என்ற நெறிமுறை இருக்கிறது. டெலவேர் பல்கலைக்கழகப் பேராசிரியர் டேவிட் மில்ஸ் வகுத்தது. அதன் முதல் ஆவணம் 1985-இல் வந்தது. இன்று நடைமுறையில் இருக்கும் நான்காம் பதிப்பு 2010-இல் வந்தது. பிறப்பிலிருந்தே கண்ணில் நீர் அழுத்த நோய் கொண்ட அவர் பிற்காலத்தில் பார்வையை முற்றிலும் இழந்தார். 2024 ஜனவரியில் காலமானார். உலகின் கோடிக்கணக்கான கணினிகள் ஒரே நேரத்தைக் காட்டுவதற்கு ஒரு மனிதருக்கு நன்றி சொல்ல வேண்டுமென்றால் அவருக்குத்தான் சொல்ல வேண்டும்.

அவர் முறை எளிது. உங்கள் கணினி புறப்பட்ட நேரத்தைக் குறித்து ஒரு பாக்கெட்டை அனுப்புகிறது. சர்வர் அது வந்த நேரத்தையும் தான் பதில் அனுப்பிய நேரத்தையும் குறித்துத் திருப்பி அனுப்புகிறது. பதில் வந்த நேரத்தை உங்கள் கணினி குறித்துக்கொள்கிறது. இந்த நான்கு எண்களிலிருந்து போக வர ஆன தாமதமும் கடிகாரப் பிசகும் கிடைத்துவிடும். இதில் ஓர் அனுமானம் ஒளிந்திருக்கிறது: போகும் வழிக்கும் வரும் வழிக்கும் ஒரே அளவு நேரம் ஆகிறது என்று கணக்கு நம்புகிறது. போக 10 மில்லி விநாடியும் வர 50 மில்லி விநாடியும் ஆகும் இணைப்பில், உங்கள் கடிகாரம் 20 மில்லி விநாடி தவறாகத்தான் நிற்கும். எந்த மென்பொருளைப் போட்டாலும் இந்தத் தவறு போகாது. வீட்டு இணைய இணைப்பில் மைக்ரோ விநாடித் துல்லியம் தருவதாக யாராவது ஒரு மென்பொருளைப் புகழ்ந்தால் இந்தக் கணக்கை அவருக்குப் போட்டுக் காட்டுங்கள்.

இங்கே இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். என்டிபி கொண்டுவருவது உலகப் பொது நேரத்தை மட்டுமே. ஐந்தரை மணி கூட்டி இந்திய நேரமாகக் காட்டுவது இயங்குதளத்தின் வேலை. ஒரே கணினியில் விண்டோஸும் லினக்ஸும் வைத்திருப்பவர்கள், மாறி மாறி இயக்கும்போது நேரம் சரியாக ஐந்தரை மணி பிசகுவதைப் பார்த்திருப்பீர்கள். மதர்போர்டில் உள்ள கடிகாரத்தை விண்டோஸ் உள்ளூர் நேரமாகப் படிக்கிறது. லினக்ஸ் பொது நேரமாகப் படிக்கிறது. நேர மென்பொருளை மாற்றி மாற்றிப் போட்டு இதைத் தீர்க்க முயல்பவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். அங்கே பழுது மென்பொருளில் இல்லை.

இனி மென்பொருள்களுக்கு வருவோம். லினக்ஸ் சர்வர்களைப் பற்றியே பேசுகிறேன், ஏனென்றால் தேர்வு என்று ஒன்று இருப்பது அங்கேதான். விண்டோஸிலும் மேக்கிலும் கூடவே வருவது பெரும்பாலானோருக்குப் போதும்.

மில்ஸும் அவருடன் உழைத்தவர்களும் எழுதியது என்டிபிடி. பல பத்தாண்டுகள் அதுவே எங்கும் இருந்தது. பிசகு 128 மில்லி விநாடிக்குள் இருந்தால் கடிகாரத்தை மெல்ல நகர்த்தும். அதற்கு மேல் இருந்தால் ஒரேயடியாகத் திருத்தும். 1000 விநாடியைத் தாண்டினால் 'ஏதோ தவறு, மனிதர் யாராவது வந்து பாருங்கள்' என்று லாகில் எழுதிவிட்டு நின்றுவிடும். 2012-இல் பல கணினிகளைக் காத்தது இந்தக் கடைசி விதிதான். ஆனால் மெல்ல நகர்த்துவதில் அது மிக மெதுவானது. பத்து லட்சத்தில் 500 பங்குக்கு மேல் வேகத்தை மாற்றாது. ஒரு விநாடியைச் சரிசெய்ய 2000 விநாடி, அதாவது அரை மணிக்கு மேல் பிடிக்கும். பத்து நிமிடப் பிசகை அப்படி மெல்லச் சரிசெய்யச் சொன்னால் ஏறக்குறைய 14 நாள் ஆகும். எப்போதும் இணைப்பில் இருக்கும், ஒருபோதும் அணைக்கப்படாத பல்கலைக்கழகக் கணினிகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டது அது. அந்த உலகத்துக்கு அது பொருத்தமாகவே இருந்தது.

நம் உலகம் வேறு. மடிக்கணினியை மூடி வைக்கிறோம். மெய்நிகர் கணினியை உறையவைத்து வேறு சர்வருக்கு மாற்றுகிறோம். மின்சாரம் போகிறது, இணைப்பு விட்டு விட்டு வருகிறது.

க்ரோனி என்ற மென்பொருளை ரிச்சர்ட் கர்னோ 1997 வாக்கில் எழுதத் தொடங்கியபோது, டயல்-அப் வழியாக எப்போதாவது இணையத்தில் சேரும் கணினியைத்தான் எண்ணியிருந்தார். இப்போது அதைப் பேணுபவர் ரெட் ஹேட்டைச் சேர்ந்த மிரோஸ்லாவ் லிக்வார். கிடைத்த சில அளவீடுகளை வைத்தே தன் படிகம் எவ்வளவு வேகமாகப் பிசகுகிறது என்று அது கணக்கிட்டுவிடும். அந்த எண்ணை ஒரு கோப்பில் எழுதி வைத்துக்கொள்ளும். இணைப்பு அறுந்தாலும் அந்தக் கணக்கின்படி கடிகாரத்தைத் திருத்திக்கொண்டே இருக்கும். நகர்த்தும் வேகமும் அதிகம். லினக்ஸில் வழக்கமான அமைப்பில் 12 விநாடிக்கு ஒரு விநாடி வரை ஈடுகட்டும். என்டிபிடிக்கு 14 நாள் ஆகும் என்று சொன்ன அந்தப் பத்து நிமிடப் பிசகை, நேரத்தை எங்கும் தாவவிடாமலேயே க்ரோனி இரண்டு மணி நேரத்தில் முடித்துவிடும்.

ரெட் ஹேட் எண்டர்பிரைஸ் லினக்ஸின் 7-ஆம் பதிப்பு 2014-இல் க்ரோனியை முன்னிருப்பாக எடுத்துக்கொண்டது. 2019-இல் வந்த 8-ஆம் பதிப்பில் என்டிபிடி இல்லவே இல்லை. 2017-இல் க்யூர்53 என்ற பாதுகாப்பு ஆய்வுக் குழு க்ரோனி, என்டிபிடி, அதிலிருந்து கிளைத்த என்டிபிசெக் ஆகிய மூன்றின் நிரல்களையும் சோதித்தது. மூன்றில் க்ரோனியிலேயே மிகக் குறைவான குறைகள் கண்டார்கள். எனக்கு இன்னொரு காரணமும் முக்கியம்: நீங்கள் வெளிப்படையாக அனுமதி எழுதினால் ஒழிய, க்ரோனி மற்றவர்களுக்கு சர்வராக வேலை செய்யாது. 2014 பிப்ரவரியில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். என்டிபிடியின் பழைய பதிப்புகளில் அண்மையில் கேட்டவர்களின் பட்டியலைத் தரும் ஒரு கட்டளை திறந்தே கிடந்தது. சிறு கேள்விக்குப் பெரிய பதில். தாக்கியவர்கள் தாங்கள் தாக்க நினைத்தவரின் முகவரியைப் போலியாகப் போட்டுக் கேட்டார்கள். பதில்கள் எல்லாம் அவர் தலையில் போய் விழுந்தன. விநாடிக்கு ஏறக்குறைய 400 கிகாபிட் அளவுக்கு அந்த வெள்ளம் பெருகியது. நேரம் தெரிந்துகொள்ள வைத்த மென்பொருள், தாக்குபவரின் கருவியானது. நேரம் கேட்க மட்டுமே வந்த மெஷின் யாருக்கும் பதில் சொல்லத் தேவையில்லை.

ஆகவே லினக்ஸ் சர்வர் என்றால் க்ரோனி என்பதே என் பதில். ஆனால் போட்டதும் அப்படியே விட்டுவிடக் கூடாது. அதன் அமைப்புக் கோப்பில் இரண்டு வரிகளை நீங்களே யோசித்து எழுத வேண்டும்.

முதலாவது 'மேக்ஸ்டெப்'. பல லினக்ஸ் வழங்கல்களில் இது '1.0 3' என்று வரும். சேவை தொடங்கியபின் முதல் மூன்று திருத்தங்களில் மட்டும், பிசகு ஒரு விநாடிக்கு மேல் இருந்தால் ஒரேயடியாகத் திருத்து என்பது பொருள். அதன் பிறகு எவ்வளவு பிசகினாலும் நகர்த்தித்தான் சரிசெய்யும். மூடித் திறக்கும் மடிக்கணினிக்கும், உறையவைத்து எழுப்பும் மெய்நிகர் கணினிக்கும் மூன்று என்ற இடத்தில் '-1' போடலாம். எப்போது வேண்டுமானாலும் தாவலாம் என்று ஆகிவிடும். தரவுத்தளம் ஓடும் மெஷினில் அதைச் செய்யாதீர்கள். கடைசியாக எழுதியதே செல்லும் என்ற விதியில் நடக்கும் கசாண்ட்ரா போன்றவற்றில், நேரம் பின்னால் தாவினால் புதிதாக எழுதிய தரவு பழையதாகக் கருதப்பட்டுக் காணாமல் போகும். காக்ரோச்டிபி போன்றவை, மற்ற கணினிகளோடு தன் நேரம் ஒத்துப்போகவில்லை என்று தெரிந்தால் தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும். அது நல்ல குணம்.

இரண்டாவது 'மேக்ஸ்சேஞ்ச்'. என்டிபிடிக்கு இயல்பாகவே இருந்த அந்த 1000 விநாடி எல்லை க்ரோனிக்கு நீங்கள் சொன்னால்தான் உண்டு. '1000 1 2' என்று எழுதினால், முதல் திருத்தத்துக்குப் பிறகு 1000 விநாடிக்கு மேற்பட்ட மாற்றத்தை இரண்டு முறை புறக்கணித்து, மூன்றாம் முறை நின்றுவிடும். இதைப் பலர் எழுதுவதில்லை. 2012 நவம்பரை அறிந்தவர் எழுதாமல் விட மாட்டார்.

மற்ற மென்பொருள்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பல லினக்ஸ் வழங்கல்களில் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டியோடு வரும் டைம்சிங்க்டி ஒரு நேரத்தில் ஒரே சர்வரைத்தான் கேட்கும்; பலருடைய பதிலை ஒப்பிடாது. பிசகு 0.4 விநாடியைத் தாண்டினால் தாவிவிடும். மேசைக் கணினிக்கும் சிறு கருவிகளுக்கும் அது போதும். கடைசியாகத் தெரிந்த நேரத்தை டிஸ்கில் குறித்து வைக்கும் நல்ல வழக்கம் அதற்கு உண்டு. பேட்டரிக் கடிகாரமே இல்லாத பழைய ராஸ்பெர்ரி பை போன்ற பலகைகளில், மின்சாரம் வந்ததும் 1970-க்குப் போகாமல் அது காக்கும். ஓப்பன்பிஎஸ்டி இயங்குதளத்தை உருவாக்குபவர்கள் 2004-இல் எழுதிய ஓப்பன்என்டிபிடி சிறியது, கவனமாக எழுதப்பட்டது. ஓப்பன்பிஎஸ்டி வைத்திருப்பவர்கள் வேறு தேட வேண்டாம். என்டிபிசெக் 2015-இல் பழைய என்டிபிடியிலிருந்து கிளைத்து, தேவையற்ற நிரல்களை வெட்டியெறிந்தது; டெபியன் 12-இல் என்டிபி என்று கேட்டால் கிடைப்பது அதுதான். ரஸ்ட் மொழியில் எழுதப்பட்ட என்டிபிடி-ஆர்எஸ் இளையது. நினைவகப் பிழைகளை வேரிலேயே தடுக்கும் அதன் முயற்சியை நான் ஆவலோடு கவனித்துவருகிறேன்.

எதைத் தேர்ந்தாலும் ஒரு மெஷினில் ஒன்றுதான் ஓட வேண்டும். இரண்டு மென்பொருள்கள் ஒரே கடிகாரத்தைப் பிடித்து இழுத்தால் இரண்டும் மற்றதன் திருத்தத்தைப் பிசகு என்று நினைக்கும். மெய்நிகர் கணினிகளில் இந்தக் கோளாறு ஒளிந்து வரும்: உள்ளே க்ரோனி ஓடும், வெளியிலிருந்து ஹைப்பர்வைசரின் கருவியும் நேரத்தைத் திருத்தும். இரண்டில் ஒன்றை அணைத்துவிடுங்கள். கண்டெய்னருக்குள் எதுவும் போட வேண்டாம். அதற்கென்று தனிக் கடிகாரம் கிடையாது.

மென்பொருளைவிட முக்கியமானது அது யாரைக் கேட்கிறது என்பது. ஒரே சர்வரைக் கேட்டால் அது சொல்வதுதான் வேதம். இரண்டைக் கேட்டால், அவை முரண்படும்போது எது சரி என்று தெரியாது. மூன்று இருந்தால் பொய் சொல்லும் ஒன்றைப் பிரித்தறியலாம். அந்த மூன்றில் ஒன்று அணைந்துபோனால் மீண்டும் இரண்டுதான். பஞ்சாயத்தில் சாட்சிகளைக் கேட்பது போலத்தான்: நான்கு பேர் வேண்டும், நான்கு பேரும் ஒரே வீட்டுக்காரர்களாக இருக்கக் கூடாது. டிக்கையும் டாக்கையும் மட்டும் வைத்திருந்தவர்கள் இரண்டு சாட்சிகள் இருப்பதாக எண்ணியிருந்தார்கள். இரண்டும் ஒரே நிலையம்.

பூமியின் சுழற்சியோடு பொருந்துவதற்காகக் கூட்டும் லீப் விநாடியும் இந்தத் தேர்வில் குறுக்கே வரும். 1972 முதல் இதுவரை 27 முறை ஒரு விநாடியைக் கூட்டியிருக்கிறார்கள். கடைசியாக 2016 டிசம்பர் 31. 2012 ஜூன் 30-இல் கூட்டியபோது லினக்ஸ் கெர்னலில் இருந்த ஒரு பிழையால் உலகெங்கும் பல சர்வர்கள் மூச்சுத் திணறின. இதற்குப் பயந்து கூகுளும் அமேசானும் அந்த ஒரு விநாடியைப் பல மணி நேரத்துக்கு மெல்லப் பரப்பித் தருகின்றன. அந்த நேரங்களில் அவர்களது சர்வர்கள் சொல்வதும் தேசிய ஆய்வகங்கள் சொல்வதும் அரை விநாடி வரை வேறுபடும். ஆகவே பரப்பித் தரும் சர்வரையும் தராத சர்வரையும் ஒரே பட்டியலில் கலக்காதீர்கள். லீப் விநாடியை 2035-க்குள் கைவிடும் வகையில் 2022-இல் பன்னாட்டு எடை, அளவை மாநாடு தீர்மானித்திருக்கிறது. அதுவரை இந்த எச்சரிக்கை செல்லும்.

நம் நாட்டில் யாரைக் கேட்பது என்பது சட்டமும் சொல்லும் விஷயம். 2022 ஏப்ரல் 28 அன்று இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் வெளியிட்ட ஆணைப்படி, சேவை நிறுவனங்களும் தரவு மையங்களும் தேசியத் தகவலியல் மையத்தின் அல்லது புதுதில்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேர சர்வர்களோடு, அல்லது அவற்றோடு தொடர்புபடுத்தக்கூடிய சர்வர்களோடு தம் கணினிகளை இணைத்திருக்க வேண்டும். பல நாடுகளில் கணினி வைத்திருப்போர் வேறு துல்லியமான மூலங்களை வைத்துக்கொள்ளலாம், இவற்றிலிருந்து விலகாதவரை. லாக் பதிவுகளை 180 நாள் வைத்திருக்கச் சொல்லும் ஆணையும் அதுவே. நேரம் பிசகிய 180 நாள் லாக் எந்த விசாரணைக்கும் உதவாது என்பதால் இரண்டும் சேர்ந்தே வந்தது பொருத்தம். கம்பி வழியே நேரம் அனுப்புவது இங்கே புதிதும் அல்ல. 1906 ஜனவரி 1-இல் இந்தியத் தர நேரம் வருமுன், ரயில்கள் ஓடியது கிரீன்விச்சைவிட 5 மணி 21 நிமிடம் 14 விநாடி முந்திய மெட்ராஸ் நேரத்தில். நுங்கம்பாக்கத்து வானாய்வகம் கணித்த அந்த நேரம் தந்தி வழியேதான் ஊர் ஊராகப் போனது.

நிறுவனத்தில் நூறு கணினி இருந்தால் நூறும் வெளியே போய்க் கேட்க வேண்டாம். இரண்டு மூன்று சர்வர்களை வெளியே கேட்க வைத்து, மற்றவை அவற்றைக் கேட்கட்டும். இது ஃபயர்வாலுக்கும் எளிது. பிறருடைய உழைப்பை மதிப்பதும் ஆகும். 2003-இல் தொடங்கிய என்டிபி பூல் முழுக்கத் தன்னார்வலர்களின் சர்வர்களால் நடப்பது. அதே ஆண்டில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் ஒரு நேர சர்வருக்கு விநாடிக்கு 2,50,000 பாக்கெட்டுகள் வந்து குவிந்தன. நெட்கியர் நிறுவனத்தின் வீட்டு ரவுட்டர்களில் அதன் முகவரியை நிரந்தரமாகப் பதித்து விற்றிருந்தார்கள். பதில் வராவிட்டால் ஒவ்வொரு விநாடியும் மறுபடி கேட்கும்படி நிரல் எழுதியிருந்தார்கள். நீங்கள் நாளை ஒரு கருவியை வடிவமைத்து ஆயிரக்கணக்கில் விற்கப்போகிறீர்கள் என்றால், யாருடைய சர்வர் முகவரியையும் உள்ளே புதைக்காதீர்கள். பூலில் விற்பனையாளர்களுக்கென்று தனிப் பெயர் தருகிறார்கள்; கேட்டு வாங்குங்கள்.

என்டிபி பாக்கெட்டில் இயல்பாக எந்தப் பூட்டும் இல்லை. வழியில் இருப்பவர் பொய் நேரத்தைத் திணித்து, காலாவதியான சான்றிதழை உயிரோடிருப்பதாக நம்பவைக்கலாம். அதற்கு, சர்வரைச் சான்றிதழால் சரிபார்க்கும், 2020-இல் வெளியான என்டிஎஸ் முறை தீர்வு. க்ரோனி, என்டிபிசெக், என்டிபிடி-ஆர்எஸ் மூன்றும் அதை அறியும், டைம்சிங்க்டி அறியாது. 2025 அக்டோபரில் வந்த உபுண்டு 25.10 டைம்சிங்க்டியை விட்டு க்ரோனிக்கு மாறியதோடு, என்டிஎஸ்ஸையும் சேர்த்தே இயக்கித் தருகிறது. ஒரு சிக்கல் உண்டு: அந்தச் சான்றிதழ் செல்லுமா என்று பார்க்கவே சரியான நேரம் வேண்டும். பேட்டரிக் கடிகாரம் இல்லாத பலகைகளில் இதை முன்கூட்டியே சோதித்துவிடுங்கள். ஃபயர்வாலில் வழக்கமான யுடிபி 123-உடன் டிசிபி 4460-உம் திறந்திருக்க வேண்டும்.

ஐரோப்பியச் சட்டம் அதிவேகப் பங்கு வணிகத்துக்குக் கேட்கும் 100 மைக்ரோ விநாடிக்கும், 5ஜி கோபுரங்களுக்கு வேண்டிய 1.5 மைக்ரோ விநாடிக்கும் பிடிபி என்ற வேறு நெறிமுறையும், நேரத்தைக் குறிக்கும் நெட்வொர்க் கார்டுகளும் தேவை. அது தனிச் சொற்பொழிவுக்குரியது.

நிறுவியாயிற்று, வேலை செய்கிறதா என்று எப்படித் தெரியும்? 'க்ரோனிசி சோர்சஸ்' என்று அடியுங்கள். நட்சத்திரக் குறி உள்ள சர்வரைத்தான் அது இப்போது பின்பற்றுகிறது. கூட்டல் குறி உள்ளவற்றையும் சேர்த்துக்கொள்கிறது. பெருக்கல் குறி போன்ற அடையாளம் உள்ளதைப் பொய் சொல்வதாக ஒதுக்கியிருக்கிறது. 'ரீச்' என்ற பத்தியில் 377 என்று இருந்தால் கடைசி எட்டுக் கேள்விகளுக்கும் பதில் வந்திருக்கிறது. பிறகு 'க்ரோனிசி ட்ராக்கிங்' என்று அடித்து, இப்போதைய பிசகைப் பாருங்கள். சேவை ஓடுகிறது என்று பச்சை விளக்கைப் பார்த்து நிம்மதியடையாதீர்கள். ஃபயர்வால் மறித்திருந்தாலும் சேவை ஓடிக்கொண்டுதான் இருக்கும். கண்காணிப்பு மென்பொருளில் பிசகின் அளவுக்கே எச்சரிக்கை வையுங்கள்.

கடைசியாக, இங்கே அமர்ந்திருக்கும் மாணவர்களுக்கு ஒன்று. என்டிபியின் நேரக் குறிப்பு 1900 ஜனவரி 1-இலிருந்து விநாடிகளை 32 பிட்டில் எண்ணுகிறது. 2036 பிப்ரவரி 7 அன்று அந்த எண்ணிக்கை நிரம்பி மீண்டும் பூஜ்ஜியத்துக்கு வரும். க்ரோனி போன்றவை இதற்கு ஏற்பாடு செய்துவிட்டன. தொழிற்சாலைக் கட்டுப்பாட்டுப் பெட்டிகளிலும் மின் மீட்டர்களிலும் கேமராக்களிலும் யாரோ என்றோ அவசரமாக எழுதிய நேர நிரல்கள் அப்படி இல்லை. அவற்றில் பல அன்றும் சுவரில் மாட்டியே இருக்கும். உங்கள் பொறுப்பில் அப்படி எவை உள்ளன என்று பட்டியல் எடுங்கள். தனியாக ஒரு சோதனை நெட்வொர்க்கில், உங்கள் சொந்த நேர சர்வரின் தேதியை 2036 பிப்ரவரி 8-க்கு நகர்த்தி, ஒவ்வொன்றையும் அதைக் கேட்கச் சொல்லிப் பாருங்கள். எது 1900-க்குத் திரும்புகிறது என்று இப்போதே தெரிந்துவிடும். கேள்விகள் இருந்தால் கேட்கலாம்.